பதினொரு நல்ல பதில்கள்

யும்னா, ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காக நீங்கள் கொடுத்த படிவத்தில் கடைசிக் கட்டம் மிகவும் சிறியது. 'வேறு ஏதேனும் கூற விரும்பினால் இங்கே எழுதவும்' என்று போட்டுவிட்டு மூன்றே மூன்று கோடு விட்டிருக்கிறார்கள். மூன்று கோட்டில் ஒரு மனிதன் என்னத்தைச் சொல்லிவிட முடியும்? அதனால் என் மகள் வர்ஷா பள்ளிக்கூட நாட்களில் மிச்சம் வைத்த நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து எழுதி, படிவத்தோடு சேர்த்துப் பின் அடித்திருக்கிறேன். கையெழுத்து புரியும் என்று நினைக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை தோ பாயோவில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவி பாக்கியத்தின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றீர்கள். அதற்கு நன்றி. பிறகு இந்தப் பராமரிப்பாளர் படிவத்தைக் கொடுத்துவிட்டு, "அங்கிள், ஒரே ஒரு டவுட்" என்றீர்கள். ஜனவரியில் ஆன்ட்டி நிரப்பிய படிவத்தில் பதினொரு பதிலும் முதலில் ஒரு மாதிரி இருந்ததாம். நான்கு நிமிடத்துக்குள் பதினொன்றும் வேறு மாதிரி ஆகிவிட்டதாம். உங்கள் கம்ப்யூட்டர் அதைக் குறித்து வைத்திருக்கிறது. "ஆன்ட்டி மனச மாத்திக்கிட்டாங்களா? இல்ல, டேப்லெட்ல ஏதும் ப்ராப்ளமா?" என்று கேட்டீர்கள். நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன். நீங்களும் நல்ல பிள்ளை, காப்பியைக் குடித்துவிட்டு இரண்டாவது தடவை கேட்காமலே போய்விட்டீர்கள். கேள்வி மட்டும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

பதில் சொல்கிறேன். ஆனால் முறையாகச் சொல்ல வேண்டும். நான் இருபத்தெட்டு வருடம் ஆங் மோ கியோவில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தவன். 'கியூசி வேலாயுதம்' என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். என் வேலையே படிவம் நிரப்புவதுதான். படிவம் பற்றி எனக்குத் தெரிந்தது உங்கள் ஆராய்ச்சிக் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்வது மட்டும் அல்ல படிவத்தின் வேலை. அந்தப் பொருளுக்கு இனி என்ன நடக்க வேண்டும் என்பதையும் அதுதான் முடிவு செய்யும். 'ஃபெயில்' என்று போட்டால் லைன் நின்றுவிடும். நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மோட்டாரில் லேசாக ஒரு முனகல் கேட்டால் நான் 'பாஸ்' போட்டு அனுப்பிவிடுவேன். ஓட ஓடச் சரியாகிவிடும். அநேகமாகச் சரியாகியும் போயிருக்கிறது.

பாக்கியலட்சுமிக்கு எலும்பு மஜ்ஜையில் கோளாறு. அதன் பெயர் ஒரு முழ நீளம். அவள் 'ரத்தம் ஊறாத வியாதி' என்றே சொல்வாள். ஊறாததால் ஊரார் ரத்தத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிய மறுநாள் அவள் பழைய பாக்கியம். காலையிலேயே சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்து, மீன்காரர் எப்படி ஏமாற்றப் பார்த்தார், இவள் எப்படி மடக்கினாள் என்று மூச்சு விடாமல் சொல்வாள். ஒரு வாரம் அப்படி ஓடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடுவாள்.

அந்தக் களைப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தலை சீவ உட்காருவாள். பாதி சீவியதும் கை இறங்கிவிடும். சீப்பு முடியிலேயே நிற்க, அப்படியே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க எழுந்திருக்க மாட்டாள். நான் வரும்போது அரிசி தண்ணீரில் ஊறி உடைந்து கிடக்கும். பேசிக்கொண்டே இருக்கும்போது வாக்கியம் நடுவில் நின்றுவிடும். "அப்புறம்?" என்பேன். "அப்புறம் ஒண்ணுமில்ல" என்பாள். சாயங்காலம் நான்கு மணிக்கு சோபாவில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். தூங்குகிறாளா என்றால் இல்லை. "தூங்கி எந்திரிச்சாலும் இதேதாங்க, தூங்குறதுக்கும் தெம்பு வேணும்" என்று ஒருநாள் சொன்னாள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு எரிச்சலாக வந்தது. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். வீக்கம் என்றால் கண்ணுக்குத் தெரியும். களைப்பை எந்தக் கருவியால் அளப்பது? எனக்கும்தான் முழங்கால் வலிக்கிறது, நான் நடக்கவில்லையா? வாயைத் திறந்து இதைச் சொன்னதில்லை. ஆனால் அவள் "முடியலங்க" என்று சொல்லும்போதெல்லாம் "நல்ல வார்த்தை சொல்லு பாக்கியம்" என்பேன்.

நல்ல வார்த்தை என்றால் உங்களுக்கே தெரியும், உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு விதத்தில் இருக்கும். நாங்கள் வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல மாட்டோம், 'போயிட்டு வர்றேன்' என்போம். சாமி விளக்கை அணைத்தேன் என்று சொல்ல மாட்டோம், மலையேறிவிட்டது என்போம். வாயில் வருவது பலித்துவிடும் என்ற பயம். நான் படித்தவன்தான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

உங்கள் ஆராய்ச்சி தொடங்கியபோது டாக்டர் தெளிவாகவே விளக்கினார். ரத்த அளவு ஏழுக்குக் கீழே போனால் கட்டாயம் ஏற்றுவார்கள். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்தால், நோயாளி எப்படி உணர்கிறாரோ அதை வைத்து முடிவு. அதற்குத்தான் டேப்லெட்டில் பதினொரு கேள்வி. கடந்த ஏழு நாட்களில் உடை மாற்றும்போது களைப்பு இருந்ததா, சாப்பிடும்போது இருந்ததா, பிறரோடு பேசும்போது இருந்ததா. சிறிதும் இல்லை, கொஞ்சம், ஓரளவு, அதிகம், மிக அதிகம். தமிழிலும் இருந்தது. யாரோ சிரமப்பட்டு நன்றாகவே மொழிபெயர்த்திருந்தார்கள்.

முதல் தடவை டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு உட்காரவே பாக்கியத்துக்கு முடியவில்லை. "நீங்களே போட்டுடுங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டாள். நான் உள்ளது உள்ளபடி போட்டேன். மிக அதிகம், மிக அதிகம், மிக அதிகம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூவும் பொட்டுமாக மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவளைப் பற்றிப் பதினொரு கெட்ட வார்த்தையை வரிசையாக என் விரலால் அழுத்தினேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளுக்கு ஏதாவது ஆனால் அது நான் அழுத்தியதால்தான் ஆகும் என்று தோன்றியது.

அடுத்த தடவை எல்லாவற்றுக்கும் 'ஓரளவு' என்று அழுத்தினேன். அதற்கடுத்த தடவை 'கொஞ்சம்'. டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். பதில்களை வைத்து வரைந்த கோடு, முதலில் கீழே கிடந்தது, மேலே ஏறியிருந்தது. "வாவ், ஆன்ட்டி, வெரி குட்!" என்றார். மூன்று வாரம் நான்கு வாரமானது. பிறகு ஐந்தானது. அவளுக்கு ஊசி குத்த நரம்பே அகப்படாமல் கை முழுக்கக் கன்றிப் போயிருந்தது. நாள் முழுவதும் அந்த நாற்காலியில் கிடக்க வேண்டும். இதெல்லாம் குறைந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். நினைத்தது பொய்யில்லை. ஆனால் அவள் ரத்தம் ஏற்றும் நாளைத் தீபாவளி மாதிரி காலண்டரில் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒருமுறை அவளே டாக்டரிடம் தமிழில் சொன்னாள். "ரொம்ப முடியல டாக்டர். குளிச்சா அன்னிக்கு சமைக்க முடியல. சமைச்சா குளிக்க முடியல." டாக்டர் என்னைப் பார்த்தார். "ஷி சேஸ் சம்டைம்ஸ் டயர்ட், பட் மேனேஜிங்" என்றேன். பாக்கியம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள்தான், பெரிய படிப்பு இல்லை. ஆனால் பதினேழு வருடம் பள்ளிக்கூட கேன்டீனில் வேலை பார்த்தவள். அவ்வளவு ஆங்கிலம் அவளுக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மடியில் இருந்த பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

பெர்த்திலிருந்து வர்ஷா போன் செய்வாள். "அப்பா, அம்மா வாய்ஸே சரியில்லையே. நான் லீவ் போட்டுட்டு வரவா?" என்று கேட்பாள். நான் டாக்டரின் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை அனுப்பிவைத்தேன். கோட்டைப் பார்த்துவிட்டு அவள் சமாதானமாகிவிட்டாள். நானும் அந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். நான் அழுத்தி ஏறிய கோடு அது. இருந்தாலும் பார்க்கப் பார்க்க, பாக்கியம் உண்மையிலேயே தேறி வருகிறாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அப்போது சிரிப்பாக இல்லை.

இதற்கு நடுவில் ஒரு வேண்டுதல். முதல் படிவம் நிரப்பிய வாரமே, தோ பாயோ கோயிலில் நின்று முருகனிடம் நேர்ந்துகொண்டேன்: 'இவள் தேறிவிட்டால் தைப்பூசத்துக்கு இவள் கையாலேயே பால்குடம் எடுக்கிறாள்.' கோடு மேலே போய்விட்டது. அப்படியானால் முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான். இனி எங்கள் பங்கு. நவம்பரில் அவளிடம் சொன்னேன். "என்னைய கேக்காம நேந்துக்கிட்டீங்களே" என்றாள். "ஒனக்காகத்தான்" என்றேன். "அப்ப நீங்க எடுங்களேன்" என்றாள். நேர்ந்தது அவள் பெயரில், நான் எடுத்தால் எப்படி? அதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன்.

தைப்பூசத்தன்று அவளுக்கு நான்தான் தலை வாரினேன். சீப்பு நடுவில் நிற்கவில்லை, ஒரே மூச்சில் வாரி முடித்துப் பின்னலிட்டேன். விரதம் என்று நான் தொடங்கிவைத்து நாற்பது நாளாக ஒருவேளைச் சாப்பாடுதான், முகம் சின்னதாகியிருந்தது. மஞ்சள் புடவையில் அவளைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. கல்யாணமான புதிதில்கூட அவளை நான் அப்படி நின்று பார்த்ததில்லை.

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். கேம்பல் லேனில் பூக்கடை வைத்திருக்கும் பூவம்மா துணைக்கு வந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் கூட்டம், பாட்டு, 'வேல் வேல்' சத்தம். பாக்கியம் பத்து அடிக்கு ஒருதரம் நின்றாள். சிலிகி சாலை வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. "அண்ணே, அக்கா மொகத்த பாருங்க. கொடத்த நான் வாங்கிக்கிறேன், அவங்க உக்காரட்டும்" என்றாள் பூவம்மா. "கோயில் வந்தாச்சு பூவம்மா, இன்னும் கொஞ்சந்தான்" என்றேன். இன்னும் பாதி தூரம் இருந்தது.

தோபி காட் பக்கத்தில் முதலுதவிக் கூடாரம் இருந்தது. அங்கிருந்த பெண் ஓடிவந்து, "ஆன்ட்டி ஓகேவா? டயர்டா இருக்கா?" என்று கேட்டாள். பாக்கியம் வாயைத் திறந்தாள். நான்தான் முந்திக்கொண்டேன். "ஓகே லா, அவங்க நல்லா இருக்காங்க" என்றேன். அந்தப் பெண் தண்ணீர்ப் போத்தலை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள்.

டேங்க் ரோட்டில் கோபுரம் தெரிந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். விழுந்தாள் என்று பூவம்மா சொல்கிறாள். நான் பார்த்தவரை உட்கார்ந்தாள். குடத்தை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பால் அவள் மடியிலும் தார்ச் சாலையிலும் ஓடியது. ஆஸ்பத்திரியில் ரத்த அளவு ஆறு புள்ளி ஒன்று என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். வர்ஷா அன்று காலைதான் விமானத்திலிருந்து இறங்கியிருந்தாள். வார்டில் இருந்த டாக்டர் சீனர், மெதுவாகப் பேசினார். "ஹெர் ஹார்ட் வாஸ் வெரி டயர்ட்" என்றார். களைப்பை அளக்க முடியாது என்று நினைத்திருந்தேன் அல்லவா? அந்த மூன்று நாளும் அவள் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு கருவி அதைக் கோடு கோடாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.

இனி உங்கள் கேள்வி.

ஜனவரியில் நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, நான் அவளை உட்காரவைத்துவிட்டுக் கீழே காப்பி வாங்கப் போனேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் டேப்லெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டார். திரும்பி வந்தபோது பாக்கியம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டேப்லெட்டை மடியில் வைத்து, ஒரு விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் கண்ணை மூடி இளைப்பாறினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மிக அதிகம். கண்ணை மூடுவாள். மிக அதிகம். பதினொன்றையும் முடிக்க அவளுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. எனக்குத் தெரிந்து அந்தச் சில மாதங்களில் அவள் தொடங்கி முழுதாக முடித்த வேலை அது ஒன்றுதான்.

டேப்லெட்டை என் கையில் கொடுத்தாள். "கடைசியா எந்த பட்டன்னு தெரியல. நீங்களே அமுக்கிடுங்க. இந்த வாட்டி உண்மைய போட்டிருக்கேன், டாக்டர் பாக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தைப்பூசத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. குடத்துக்குப் பதிவு செய்தாயிற்று. கோடு இப்போது விழுந்தால், அவள் தேறவே இல்லை என்று ஆகிவிடும். நான் இத்தனை மாதம் அழுத்தியது என்னவென்றும் ஆகிவிடும். அவள் தலை என் வலது தோளில் இருந்ததால் இடது கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு கேள்வியாகப் பின்னால் போனேன். சிறிதும் இல்லை. சிறிதும் இல்லை. பதினொன்று. உங்கள் கம்ப்யூட்டர் சொல்வது சரி, நான்கு நிமிடம்தான் ஆனது. அவள் எழுந்துவிடாதபடி தோளை அசைக்காமல் செய்தேன்.

"அமுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள், கண்ணைத் திறக்காமல்.

"அமுக்கிட்டேன்."

"அப்ப இன்னிக்கே ரத்தம் ஏத்திடுவாங்க" என்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

அன்று ரத்த அளவு ஏழு புள்ளி மூன்று. டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அதுவரை இல்லாத உயரத்துக்குக் கோடு போயிருந்தது. ஆறு வாரம் கழித்து வந்தால் போதும் என்றார். பாக்கியம் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவளுக்கு ஆங்கிலம் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இறங்கும் முன் மட்டும், "சரிங்க, கொடம் எடுக்கிறேன்" என்றாள். அதற்கப்புறம் முடியவில்லை என்று அவள் என்னிடம் சொல்லவே இல்லை. ஒருநாள்கூடச் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் டேப்லெட்டில் எந்தக் கோளாறும் இல்லை யும்னா. அவளும் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றியது நான். என் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடுங்கள், யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். வர்ஷாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம்.

பராமரிப்பாளர் படிவத்தையும் முழுதாக நிரப்பிவிட்டேன். தூக்கம் கெடுகிறதா, தனிமையாக உணர்கிறீர்களா, குற்ற உணர்வு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் 'சிறிதும் இல்லை' என்றே போட்டிருக்கிறேன். நானே நிரப்பியதுதான், நீங்கள் சரிபார்க்க வேண்டியதில்லை.